கதிர் பாயும் முன்னே கண் பார்க்க வேண்டும்!

காஞ்சீபுரம் என்றதும் பட்டுப் புடவை நினைவுக்கு வரும். ஏகாம்பரநாதர் கோவில் நினைவுக்கு வரும். வரதராஜப் பெருமாள் கோவிலும், காமாட்சி அம்மன் கோவிலும் நினைவுக்கு வரும். ருசி தெரிந்தவர்களுக்குக் குடலை இட்லியும் நினைவுக்கு வரும்.

ஆனால் இந்த ஊரில் வந்து இறங்குகிறவர்களில் வேறொரு கூட்டமும் உண்டு. அவர்கள் புடவை எடுக்க வரவில்லை. சாமி கும்பிடவும் வரவில்லை. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அவர்கள் "காரப்பேட்டைக்கு எந்த பஸ்?" என்று கேட்பார்கள். கேட்டதுமே ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

காரப்பேட்டையில் இருப்பது அரசாங்கப் புற்று நோய் ஆஸ்பத்திரி. அதற்கு அறிஞர் அண்ணாவின் பெயர்.

அண்ணா இந்த ஊர்க்காரர். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். முதல்-மந்திரியாக இருந்தபோது அவரது உணவுக் குழாயில் புற்று நோய் கண்டது. 1968-ம் ஆண்டு செப்டம்பரில் சிகிச்சைக்காக நியூயார்க் போனார். அங்கே ஆபரேஷன் நடந்தது. நவம்பரில் திரும்பி வந்தார். 1969-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 59.

முதல்-மந்திரிக்கு அமெரிக்கா வரை போக வழி இருந்தது. தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்குக் காரப்பேட்டை வரைதான் வழி. ஆகவே, காரப்பேட்டை போன்ற இடங்களில் என்ன எந்திரம் இருக்கிறது, அதை யார் ஓட்டுகிறார்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல.

"கரண்ட் வைக்கிறார்கள்"

புற்று நோய்க்கு முக்கியமாக மூன்று வைத்தியம். ஒன்று ஆபரேஷன். இன்னொன்று மருந்து. மூன்றாவது கதிர் சிகிச்சை. நம் மக்கள் இந்த மூன்றாவதை, "கரண்ட் வைக்கிறார்கள்" என்று சொல்லுவார்கள்.

உண்மையில் உடம்பில் கரண்ட் எதுவும் பாய்வது இல்லை. சுடவும் சுடாது. வலிக்கவும் வலிக்காது. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். ஆனால் எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு சக்தி உள்ள கதிர். அது புற்றுக்குள் புகுந்து, அந்த அணுக்கள் மேலும் பெருகாதபடி அழிக்கிறது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்று நோய் காண்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர் சிகிச்சை தேவைப்படும் என்பது நிபுணர்களின் கணக்கு.

இந்த வைத்தியத்தில் தமிழ்நாடு முன்னோடி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயில் இறந்தார். அந்தத் துயரம் அக்காவின் மனதை விட்டுப் போகவே இல்லை. அவரது முயற்சியால் 1954-ம் ஆண்டு அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரி பிறந்தது. நாட்டிலேயே முதலாவது கோபால்ட் எந்திரம் அந்த 1950-களிலேயே அங்கே வந்து இறங்கியது. கோபால்ட் என்பது ஓர் உலோகம். அதில் ஒரு வகை, தானாகவே கதிர் வீசிக்கொண்டே இருக்கும்.

பிறகு பல ஊர்களில் கோபால்ட் எந்திரங்கள் வந்தன. எத்தனையோ ஆயிரம் பேரை அவை பிழைக்க வைத்தன. "பாபாட்ரான்" என்ற பெயரில் நம் நாட்டு விஞ்ஞானிகளே அப்படி ஓர் எந்திரத்தைச் செய்தும் காட்டினார்கள்.

இப்போது "லீனியர் ஆக்சிலரேட்டர்" என்ற எந்திரத்தின் காலம். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இது வந்து சேர்ந்திருக்கிறது. விலை கோடிக் கணக்கில். இதில் கோபால்ட் கிடையாது. மின்சாரத்தைக் கொண்டு கதிரை உண்டாக்குகிறார்கள். சுவிட்சை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும்.

இந்த எந்திரங்களில் புதிய ரகத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்குக் கண் இருக்கிறது!

எந்திரத்தின் கண்

ஒரு நெசவாளி. 50 வயது. வெற்றிலை, புகையிலைப் பழக்கம். தொண்டையில் புற்று. இப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காஞ்சீபுரத்தில் இப்படி ஒருவரைக் கற்பனை செய்வது கஷ்டம் அல்ல.

முதலில் அவரைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். வெந்நீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக் வலை ஒன்று உண்டு. அதை முகத்தின் மேல் அழுத்துவார்கள். ஆறியதும் கெட்டியாகி, அவருடைய முகத்துக்கு அச்சாக ஒரு முகமூடி கிடைக்கும். தினமும் அதே முகமூடி. தினமும் அதே படுக்கை நிலை.

பிறகு டாக்டர் ஸ்கேன் படத்தில் புற்றைச் சுற்றிக் கோடு போடுவார். எதைத் தொடக்கூடாதோ அதையும் கோடு போட்டுக் காட்டுவார். தொண்டைக்குப் பின்னால் முதுகுத் தண்டு நரம்பு இருக்கிறது. அதில் கதிர் மிஞ்சினால் கை கால் விளங்காமல் போகலாம். தறியைக் காலால் மிதிக்க வேண்டியவருக்குக் கால் போனால் என்ன மிச்சம்? காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. அது கெட்டால் வாய் வறண்டுவிடும். ஒரு விள்ளல் இட்லியை விழுங்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருக்கும். அதுவும் ஆயுசு முழுவதும்.

அடுத்து, பௌதிக நிபுணர் கணக்குப் போடுவார். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கதிர், எத்தனை நாள் என்று கம்ப்யூட்டரில் திட்டம் தயாராகும். வாரத்துக்கு 5 நாள். ஆறு, ஏழு வாரம். மொத்தம் முப்பது தடவைக்கு மேல் வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். திட்டம் போட்டது ஒரு நாள் எடுத்த படத்தை வைத்து. ஆனால் மனித உடம்பு மரக்கட்டை அல்ல. தோள் சற்று உயர்ந்திருக்கும். தாடை திரும்பியிருக்கும். அடி வயிற்றுப் புற்று என்றால் இன்னும் மோசம். மூத்திரப் பை நிரம்பினால் கருப்பை ஓரிடத்தில் இருக்கும். காலியானால் இன்னோர் இடத்துக்குப் போய்விடும்.

கோபால்ட் காலத்தில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. புற்றைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டுக் கதிர் வைப்பார்கள். வளருகிற பிள்ளைக்குத் தையற்காரர் துணியை உள்ளே மடித்து விட்டுத் தைப்பது போல. உடம்பு கொஞ்சம் நகர்ந்தாலும் புற்று தப்பாது. ஆனால் சுற்றியுள்ள நல்ல சதையும் சேர்ந்து அடி வாங்கும்.

புதிய எந்திரத்தில் இரண்டு கைகள் நீண்டிருக்கும். அவை நோயாளியைச் சுற்றி வந்து, சுமார் ஒரு நிமிஷத்தில் உடம்பின் உட்புறத்தைப் படம் பிடித்துவிடும். அந்தப் படத்தைப் பழைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். இடது பக்கம் 3 மில்லி மீட்டர் தள்ளியிருக்கிறதா? கட்டிலை 3 மில்லி மீட்டர் நகர்த்தலாம். அதன் பிறகுதான் கதிர். "பட வழிகாட்டு கதிர் சிகிச்சை" என்று இதற்குப் பெயர்.

இடம் சரியாகத் தெரிவதால், சுற்றி விடும் துணியைக் குறைக்கலாம். நல்ல சதை பிழைக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆபத்தும் இங்கேயேதான் இருக்கிறது. துணி விட்டுத் தைத்த சட்டையில் அளவு கொஞ்சம் தவறினாலும் போட்டுக்கொள்ளலாம். ஒட்டத் தைத்த சட்டையில் தவறினால் தூக்கி எறிய வேண்டியதுதான். பழைய அகலக் கதிர் மனிதனின் தவறை மன்னித்தது. புதிய குறுகிய கதிர் மன்னிக்காது. படத்தைப் பார்க்கத் தெரியாதவர் கையில் அது கிடைத்தால், புற்று தப்பிவிடும். பக்கத்தில் இருப்பது வெந்துவிடும்.

ஒரு அன்னம் தள்ளிப் பிடித்தால்?

படத்தின் மேல் படத்தை வைத்துப் பார்ப்பது என்ன பெரிய வித்தை? கம்ப்யூட்டரே பொருத்திக் காட்டாதா? காட்டும். ஆனால் அது சொல்லுவதை அப்படியே நம்பக்கூடாது.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். புடவைக் கரையில் அன்னப்பட்சி வரிசையாகப் போகிறது. எல்லாம் ஒரே அச்சு. இரண்டு கரைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பொருத்துங்கள். ஒரு அன்னம் தள்ளிப் பிடித்துவிட்டாலும், பார்ப்பதற்குப் பொருந்திய மாதிரியேதான் இருக்கும்! முந்தியிலிருந்து எண்ணி வந்தால் ஒழியத் தவறு தெரியாது.

முதுகெலும்பும் அப்படித்தான். மார்புப் பகுதியில் மட்டும் 12 எலும்புகள். பக்கத்துப் பக்கத்து எலும்புகள் கிட்டத்தட்ட ஒரே சாடை. எடுத்த படம் சிறியதாக இருந்தால், கம்ப்யூட்டர் ஒரு எலும்பு தள்ளிப் பொருத்திவிட்டு, "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். உலகத்தில் பல ஆஸ்பத்திரிகள் எச்சரிக்கையாக இருக்கும் தவறு இது. விலா எலும்பைப் பார்த்து, மேலிருந்தோ கீழிருந்தோ எண்ணிப் பார்க்கக் கற்றவர்தான் இதைப் பிடிப்பார்.

எலும்பு சரியாகப் பொருந்தினாலும் போதாது. கருப்பை வாய்ப் புற்றில் எலும்பு அசையாது; கருப்பை அசையும். அங்கே சதையைப் பார்க்க வேண்டும். சதை படத்தில் மங்கலாகத்தான் தெரியும். நூறு, இருநூறு படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது பிடிபடும்.

தொண்டைப் புற்று நோயாளிக்கு மூன்றாவது, நாலாவது வாரத்தில் சாப்பாடு இறங்காது. உடம்பு இளைக்கும். முகமூடி தொள தொள என்று ஆகிவிடும். கட்டிலை எவ்வளவு நகர்த்தினாலும் படம் முழுமையாகப் பொருந்தாது. அப்போது கட்டிலை நகர்த்திக்கொண்டே இருக்கக்கூடாது. "நிறுத்துங்கள். புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு வேண்டும்" என்று சொல்ல வேண்டும்.

யார் சொல்லுவது? தினமும் படத்தைப் பார்ப்பவர் பெரிய டாக்டர் அல்ல. பெரும்பாலும் எந்திர அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன்தான். வயது இருபத்தைந்து, முப்பது இருக்கலாம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் போட்ட திட்டத்தை நிறுத்துகிற தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்? அந்தத் தைரியத்தையும் பயிற்சியில்தான் கொடுக்க வேண்டும். "நீ நிறுத்தலாம், நிறுத்தினால் உன்னை யாரும் கோபிக்க மாட்டார்கள்" என்று மேலே இருப்பவர்கள் எழுதியே கொடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் எத்தனை மில்லி மீட்டர் வரை டெக்னீஷியனே நகர்த்தலாம், எதற்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று சுவரில் ஒட்டியே வைத்திருப்பார்கள்.

பிரான்சில் நடந்த கோரம்

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பணக்கார நாடுகளே பாடம் படித்திருக்கின்றன.

பிரான்சு தேசத்தில் எப்பினால் என்று ஒரு சிறிய நகரம். அங்குள்ள ஆஸ்பத்திரியில் 2004-ம் ஆண்டு புதிய முறை ஒன்றுக்கு மாறினார்கள். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. வேலை செய்பவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் விளக்கப் புத்தகம் இல்லை. கற்றுக்கொடுத்ததும் குறைவு. யாரோ எதையோ மாற்றிப் புரிந்துகொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அது யாருக்கும் தெரியவில்லை. விந்துச் சுரப்பிப் புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், தேவைக்கு மேல் 20 சதவிகிதத்துக்கும் அதிகமான கதிரை வாங்கினார்கள். குடல் வெந்து, மூத்திரப் பை வெந்து துடித்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள்.

விசாரணை நடந்தது. கிணறு தோண்டப் பூதம் கிளம்பியது!

அதே ஆஸ்பத்திரியில் தினமும் நோயாளி சரியாகப் படுத்திருக்கிறாரா என்று பார்க்கப் படம் எடுத்திருந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் படம் எடுப்பதும் கதிரைக் கொண்டுதானே? அந்தக் கதிரை யாரும் மொத்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம் என்று அது ஏறிக்கொண்டே போனது. சுமார் 400 பேருக்கு ஏறக்குறைய 8 சதவிகிதம் கூடுதலாகப் பாய்ந்துவிட்டது. நோயாளியைக் காப்பாற்ற எடுத்த படமே அவரைச் சுட்டது.

ஸ்காட்லாந்தில் நடந்ததும் இதே கதைதான். 2006-ம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்தில், தலையில் கட்டியோடு வந்த ஓர் இளம் பெண்ணுக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்னால்தான் கம்ப்யூட்டர் முறையைப் புதுப்பித்திருந்தார்கள். பழைய முறையில் ஒரு பெருக்கல் கணக்கைக் கையால் போட வேண்டும். புதிய முறையில் கம்ப்யூட்டரே பெருக்கிக் கொடுத்துவிட்டது. அதைக் கையாலும் ஒரு தடவை பெருக்கிவிட்டார்கள். கதிர் ஒன்றரை மடங்குக்கு மேல் பாய்ந்தது. அந்தப் பெண் அந்த ஆண்டே இறந்தாள். எழுதி வைத்த வழிமுறைகள் புதிய முறைக்கு ஏற்பத் திருத்தப்படவில்லை என்றும், பயிற்சி போதவில்லை என்றும் விசாரணையில் தெரிந்தது.

இரண்டு ஊர்களிலும் எந்திரம் பழுதாகவில்லை.

எப்படிக் கற்பது?

இந்தியாவில் கதிர் எந்திரத்தை யார் வேண்டுமானாலும் தொட்டுவிட முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று 1983-ம் ஆண்டு முதல் இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் எந்திரத்தை ஓட்ட முடியாது. தகுதி பெற்ற டாக்டர், பௌதிக நிபுணர், டெக்னீஷியன் மூவரும் இருந்தாக வேண்டும். பௌதிக நிபுணர்களுக்கு பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1962-ம் ஆண்டு முதல் படிப்பு நடக்கிறது. சென்னையில் அண்ணா சர்வகலாசாலையிலும் அதற்குத் தனிப் பட்டப் படிப்பு உண்டு. டெக்னீஷியன்களுக்கும் படிப்பு இருக்கிறது.

ஆகவே, படித்தவர்கள் இல்லாமல் இல்லை. கோபால்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கு அனுபவமும் குறைவு இல்லை. ஆனால் அவருக்கு நோயாளியின் தோலில் போட்ட மையைப் பார்த்துக் குறி வைத்துத்தான் பழக்கம். இப்போது திரையைப் பார்த்து உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டும். அடையில் நெய்து பழகியவரிடம் ஜக்கார்டு பெட்டியைக் கொடுத்த கதைதான். கை அதேதான். கண் புதிதாக வேண்டும்.

எந்திரம் விற்கிற கம்பெனி சில நாள் ஆள் அனுப்பிக் கற்றுக் கொடுக்கும். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்று காட்டும். அன்று வேலையில் இருந்தவர்கள் கற்றுக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போவார். இன்னொருவர் அதிகச் சம்பளத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார். புதிதாக வருகிறவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கற்பார். அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் வெறும் கேள்வி ஞானம்தான் மிஞ்சும்.

சர்வதேச அணுசக்தி ஏஜென்சி 2019-ம் ஆண்டு இதற்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டது. படம் எடுக்கும் வசதி வந்தால் மட்டும் போதாது. டாக்டர், பௌதிக நிபுணர், டெக்னீஷியன் மூவரும் சேர்ந்து பழக வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் பொம்மை உடம்பைக் கட்டிலில் கிடத்துவார்கள். வேண்டுமென்றே 7 மில்லி மீட்டர் தள்ளி வைப்பார்கள். கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். பழைய நோயாளிகளின் படங்களைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தனித் தனியாகப் பொருத்திக் காட்டச் சொல்லுவார்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகப் பொருத்தினால், ஏன் என்று உட்கார்ந்து பேசுவார்கள். பிறகுதான் உயிருள்ள மனிதர். அதுவும் முதலில் நாளுக்குச் சில பேர். ஒரே வகைப் புற்று. கை படிந்த பிறகு அடுத்த வகை.

இதற்கு நேரம் பிடிக்கும். எந்திரம் வந்து இறங்கிவிட்டது. திறப்பு விழா நடந்துவிட்டது. பத்திரிகையில் படம் வந்துவிட்டது. ஆனாலும் உள்ளே சில வாரம் பொம்மைக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்! வெளியே நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். புற்று அவர்களுக்காகக் காத்திராது. இது தர்மசங்கடமான நிலைதான். இருந்தாலும், பழகாத கையில் குறுகிய கதிரை வாங்கிக்கொள்வதை விட, அந்தச் சில வாரம் பழைய எந்திரத்திலேயே சிகிச்சை பெறுவது மேல். கோபால்ட் எந்திரத்தை அவசரப்பட்டு மூலையில் தள்ளக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாஷை விஷயத்தையும் கவனிக்க வேண்டும். எந்திரத்தின் திரை இங்கிலீஷில் பேசுகிறது. டெக்னீஷியன்களுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். ஆனால் அவசரத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றால், அதன் முழு அர்த்தமும் அந்த நிமிஷமே புரிகிறதா? பிரெஞ்சுக்காரர்களுக்கே புரியவில்லை! எச்சரிக்கைகளையும், என்ன செய்ய வேண்டும் என்பதையும் தமிழில் எழுதி மேஜை மேல் வைத்தால் செலவு சில ரூபாய்தான்.

நோயாளிக்கும் பங்கு உண்டு

இந்த வைத்தியத்தில் நோயாளியும் கொஞ்சம் கற்க வேண்டியிருக்கிறது. அடி வயிற்றுப் புற்று என்றால், தினமும் சொன்ன நேரத்தில், சொன்ன அளவு தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். இடது மார்பகப் புற்று என்றால், இருதயத்தின் மேல் கதிர் படாமல் இருக்க, சில ஆஸ்பத்திரிகளில் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொல்லுவார்கள். "மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்" என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். வயதான அம்மாவுக்கு ஏன் என்று புரியாவிட்டால் பயந்துபோய் வேகமாக மூச்சு விடுவார். படம் பொருந்தாது. ஏன் என்று தமிழில் பொறுமையாகச் சொல்லுவதும் டெக்னீஷியனின் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

முகமூடி தொள தொள என்று இருந்தால் நோயாளியே சொல்லலாம். "தம்பி, போன வாரம் இறுக்கமாக இருந்தது, இப்போது தலை ஆடுகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை எந்திரத்தின் கண்ணுக்கும் முந்திக்கொள்ளும். சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கதிர் அறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கதிர் பாயும்போது அது எரியும். சில நாள் நோயாளி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகியும் விளக்கு எரியாது. கதவு திறக்கும். டெக்னீஷியன் உள்ளே போவார். நோயாளியை எழுப்பி, மறுபடி படுக்க வைப்பார். மறுபடி படம் எடுப்பார். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள், "எந்திரம் ரிப்பேர் போல இருக்கிறது" என்று முணுமுணுப்பார்கள். கடைசி பஸ்ஸை நினைத்துக் கவலைப்படுவார்கள்.

எந்திரத்துக்கு ஒன்றும் இல்லை. உள்ளே ஒருவர் விலா எலும்பை எண்ணிக்கொண்டிருக்கிறார்.